உங்களுக்கு எதுக்குங்க சிரமம்

எங்கள் திருச்சபையில் என்னிடம் யாரும் மரியாதை இல்லாமல் பேசியதே கிடையாது. இது கோயமுத்தூர். இங்கே ஒருத்தரைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவதானாலும், ‘பாத்துப் போங்க, படி இருக்குது’ என்று சொல்லித்தான் தள்ளுவார்கள். அதனாலேயே நான் தள்ளப்படுகிறேன் என்பது எனக்கு ரொம்ப நாள் உறைக்கவில்லை. நம் மேல் எவ்வளவு அக்கறை என்று உச்சி குளிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

குழந்தையிலேயே போலியோ வந்து எனக்கு இடது கால் விளங்காமல் போய்விட்டது. தொடை வரைக்கும் கேலிப்பர் என்கிற இரும்புச் சட்டம். முட்டிக்குப் பக்கத்தில் அதற்கு ஒரு லாக் உண்டு. எழுந்தால் அதைப் போட வேண்டும், உட்கார்ந்தால் எடுக்க வேண்டும். கக்கத்தில் ஓர் ஊன்றுகோல். கணபதியில் மோட்டார் பம்பு செய்கிற கம்பெனி ஒன்றில் பர்சேஸ் பார்க்கிறேன். காப்பர் வயருக்கும் பேரிங்குக்கும் விலை பேசுவது என் வேலை. போனில் என் குரலைக் கேட்டால் சப்ளையர்கள் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் ரேட்டைச் சொல்வார்கள் என்று ஆபீசில் கேலி பண்ணுவார்கள். திங்கள் முதல் சனி வரை நான் அப்படி. ஞாயிறு காலையில் என் சைடு வீல் ஸ்கூட்டர் சரவணம்பட்டியில் எங்கள் ஆலயத்து கேட்டுக்குள் நுழைந்ததும் நான் ‘பாவம்’ ஆகிவிடுவேன். பார்க்கிங்கில் நிற்கிற தம்பி முதற்கொண்டு எல்லார் முகமும் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொள்ளும்.

அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கையாக வந்த கோழியையும் காய்கறியையும் ஏலம் விட ஆள் தேடினார்கள். நான் விடறேனுங்க என்றேன். விலை பேசியே வயிறு கழுவுகிறவள் நான், என்னைவிட வேறு யார் விடுவது? “ஐயோ, உங்களுக்கு எதுக்குங்க சிரமம்” என்று சொல்லிவிட்டு, பேங்கில் வேலை பார்க்கும் ஒருத்தரைக் கூட்டி வந்து நிறுத்தினார்கள். அந்த மனுசன் கோழியைக் கையில் பிடிக்கவே பயந்தார். சேவல் பறந்து ஆர்மோனியத்தின் மேல் உட்கார்ந்துகொண்டது. நான் முதல் வரிசையில் உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, அடிமாட்டு விலைக்குப் போன அந்தச் சேவலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தச் ‘சிரமம்’ என்ற வார்த்தையை எங்கள் சபையில் முதலில் கொண்டுவந்தவர் செகரட்டரி ஐயா. கோபிசெட்டிபாளையத்துப் பக்கம் நெல்லும் வாழையுமாக நிலம் வைத்திருந்த குடும்பம். பிறகு கோயமுத்தூர் வந்து பவுண்டரி போட்டு நன்றாக வந்தவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வாய் நிறைய ‘அம்மணி’. புது ஆலயம் கட்டினபோது எல்லாம் அவர் மேற்பார்வைதான். அவர் கட்டின மேடை இருக்கிறதே, கறுப்பு கிரானைட், செங்குத்தான படி, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி கிடையாது. ஓரமாக ஒரு சாய்வுதளம் போட்டுவிட்டால் ஏறிக்கொள்ளலாமே என்று நான் கேட்டேன்.

“மேடையோட அழகு, அந்த எலிவேஷனே கெட்டுப்போயிருமுங்க அம்மணி” என்றார் அவர். “அதுவுமில்லாம நீங்க எதுக்குங்க மேல ஏறிச் சிரமப்பட்டுட்டு? கீழயே சவுரியமா உக்காந்துக்கங்க. உங்களுக்குன்னு பேன் காத்து நல்லா வர்ற எடமாப் பாத்துப் போட்டுடலாமுங்க.”

பேன் காற்று நன்றாகத்தான் வந்தது. அதில் குறை சொல்ல முடியாது.

வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுத்திறனாளிகள் ஞாயிறு என்று ஒன்று வரும். அன்றைக்கு நாங்கள்தான் ராஜா ராணி. நான், கண் தெரியாத ஒரு பெரியவர், காது கேட்காத தம்பதி. எங்களை வரிசையாக உட்கார வைத்துச் சால்வை போர்த்தி, ஆளுக்கொரு போர்வை கொடுப்பார்கள். ஈரோட்டில் மொத்தமாக எடுத்து வருவது, செலக்‌ஷன் செகரட்டரி ஐயா. ஏன் போர்வை என்று நானும் யோசித்துப் பார்த்திருக்கிறேன். கால் விளங்காதவளுக்கு மட்டும் குளிர் ஜாஸ்தியாக அடிக்குமா என்ன? என் பீரோவில் புடவைக்கு இடமில்லை, அத்தனையும் போர்வை. பிறகு மேடையிலிருந்து யாராவது எங்களைப் பற்றிப் பேசுவார்கள். எங்களைப் பார்த்தால் அவர்களுக்குத் தங்கள் கைகால் சுகத்துக்காகக் கர்த்தரை ஸ்தோத்திரிக்கத் தோன்றுகிறதாம். நாங்கள் அதற்கும் கை தட்ட வேண்டும்.

அப்படியிருக்கும்போது ஒருநாள் பரிசுத்த ஆவியின் வரங்களைப் பற்றி ஒரு முகாம் வைத்தார்கள். வெளியூரிலிருந்து வந்த ஒரு சகோதரர் பேசினார். நன்றாகவே பேசினார். சபையில் வரம் இல்லாத ஆள் ஒருத்தர்கூடக் கிடையாது, அதைக் கண்டுபிடித்து உபயோகிக்காமல் இருப்பதுதான் பாவம் என்றார். போதிக்கிற வரம், உபசரிக்கிற வரம், பகிர்ந்து கொடுக்கிற வரம் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், ‘புத்திசொல்லுகிற வரம்’ என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

நம் ஊரில் புத்தி சொல்வது என்றால் தெரியும்தானே? ‘உம்பையனுக்குக் கொஞ்சம் புத்தி சொல்லு’ என்றால் நாலு வார்த்தை நறுக்கென்று கேள் என்று அர்த்தம். வேதத்தில் அந்த வார்த்தைக்குத் தேற்றுவது, தைரியம் சொல்வது, சோர்ந்து கிடப்பவனை எழுப்பி உட்கார வைப்பது என்றெல்லாம் பொருள் உண்டு என்று அந்தச் சகோதரர் விளக்கினார். சரிதான் என்று நினைத்தேன். திட்டுவதையும் தேற்றுவதையும் ஒரே வாயால் செய்கிறவள் நான். பிரசவத்துக்குப் பிறகு மனசு உடைந்து கிடந்த என் தங்கச்சியை எழுப்பி உட்கார வைத்தது என் வாய்தான். வேலை போய்ச் சாப்பிடாமல் கிடந்த எதிர்வீட்டுப் பையனை, சட்டையை மாட்டிக்கொண்டு இன்டர்வியூவுக்கு ஓட வைத்ததும் இதே வாய்தான். வீட்டில் இதற்கு ‘வாயாடி’ என்று பேர் வைத்திருந்தார்கள். கர்த்தர் வேறு பேர் வைத்திருக்கிறார் என்று தெரிந்ததும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

முகாம் முடிந்து ஆளாளுக்கு ஊழியம் பிரித்தார்கள். நான் ஆயரிடம் போய், சீக்காளிகளை வீட்டில் போய்ப் பார்க்கிற சந்திப்பு ஊழியத்தில் என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். எங்கள் ஆயர் நல்ல மனுசர். யாருக்கும் இல்லை என்று சொல்ல வராது, ஆமாம் என்று சொல்லவும் வராது. செகரட்டரி ஐயாவைப் பார்த்தார். செகரட்டரி ஐயா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“தப்பா நெனச்சுக்காதீங்க அம்மணி. அவங்களே சீக்குல சோர்ந்து போய்ப் படுத்திருப்பாங்க. அங்க போய் உங்களப் பாத்தாங்கன்னா இன்னும் மனசு விட்டுப்போயிருமுங்க. இவங்களுக்கே கர்த்தர் சொகங் குடுக்கலியேன்னு தோணுமில்லீங்களா? நீங்க ஊட்டுலயிருந்தே ஜெபத்துல தாங்குங்க. உங்களுக்கு எதுக்குங்க சிரமம்?”

ஜெபத்தில் தாங்குவது, அதாவது வீட்டிலிருந்தே மற்றவர்களுக்காக வேண்டிக்கொள்வது, எங்கள் சபையில் ஒரு கடைசி அலமாரி. எங்கே வைப்பது என்று தெரியாததையெல்லாம் அதில் வைத்துவிடுவார்கள். காது கேட்காத தம்பதியும் அங்கேதான் இருந்தார்கள், கண் தெரியாத பெரியவரும் அங்கேதான். சப்ளையர்களை அழவைக்கிற எனக்கு அன்றைக்கு வாய் வரவில்லை. என்னைப் பார்த்தாலே நோயாளிக்கு நோய் கூடும் என்று அத்தனை பதவிசாக ஒருத்தர் சொன்னால் என்ன பதில் சொல்வது? ஸ்கூட்டரை நகர்த்தி சத்தி ரோட்டுக்கு வந்த பிறகுதான் அழுகை வந்தது. ஹெல்மெட் போட்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

பிறகு கொஞ்ச நாளிலேயே செகரட்டரி ஐயாவுக்குச் சர்க்கரையில் கால் விரல் கறுத்தது. விரலை எடுத்தார்கள். அது ஏறிக்கொண்டே வந்து, கடைசியில் முட்டிக்கு மேல் எடுக்க வேண்டியதாகிவிட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்ததா என்றால், கேள்விப்பட்ட முதல் அஞ்சு நிமிஷம் ஏதோ ஒன்று இருந்தது, அதற்குச் சந்தோஷம் என்று பேர் வைக்க நான் தயாரில்லை. அப்புறம் யோசித்துப் பார்த்தேன். காலை இழப்பது எனக்கு ஞாபகமில்லாத வயசில் நடந்து முடிந்த காரியம். அவருக்கு நினைவு தெரிந்து நடந்திருக்கிறது.

சந்திப்பு ஊழியக் குழு திரண்டு போனது. சர்க்கரை வியாதிக்காரருக்கு ஒரு கூடை ஆப்பிளும் கால் கிலோ மைசூர்பாகும் வாங்கிப்போன புண்ணியவான்களை வேறு எங்காவது பார்த்திருக்கிறீர்களா? மூன்று பாட்டுப் பாடினார்களாம். “கால் போனா என்னங்கய்யா, ஆத்துமா பத்திரமா இருக்குதில்லீங்க” என்றாராம் ஒருத்தர். இன்னொருத்தர் அவர் காலைப் பார்த்து விம்மி அழுதாராம். செகரட்டரி ஐயா சுவர் பக்கமாகத் திரும்பிப் படுத்தவர்தான், அதற்கப்புறம் யாரிடமும் பேசவில்லை.

அவர் சம்சாரம் எனக்குப் போன் பண்ணினார்.

“கண்ணு, ஒரு எட்டு வந்துட்டுப் போறியா? வாயே தொறக்க மாட்டீங்கறாரு. சோறு வேண்டாங்கறாரு, இன்சுலின் ஊசி போட வந்தாக் கையத் தட்டி உட்டுடறாரு. இப்பிடியே உட்டா ஆளு மிஞ்ச மாட்டாருன்னு டாக்டர் சொல்லிப்போட்டாருங் கண்ணு. எனக்கு வேற யாரக் கூப்புடறதுன்னு தெரியல.”

“அக்கா, என்னைப் பாத்தா மனசு விட்டுப்போயிருமுன்னு அவருதானுங்க சொன்னாரு.”

அந்தப் பக்கம் அக்கா அழுகிற சத்தம் கேட்டது. எனக்கே என் மேல் எரிச்சல் வந்தது. “வாரேனுங்கக்கா, அழுகாதீங்க” என்று சொல்லி போனை வைத்தேன்.

அவர் வீடு தொண்டாமுத்தூர் ரோட்டில், தென்னந்தோப்புக்கு நடுவே இருக்கிறது. தோப்பைச் சுற்றி யானை வராமல் இருக்க வேலி போட்டிருக்கிறார். அந்த வேலி தேவையே இல்லை. வீட்டுப் படியைப் பார்த்தாலே யானை திரும்பிப் போய்விடும். ஆலயத்து மேடையின் மூத்த அண்ணன் மாதிரி அதே கறுப்பு கிரானைட், அதே செங்குத்து, அதே மாதிரி ஒரு கம்பி கிடையாது. மழை வேறு தூறி வழவழவென்று கிடந்தது. நின்று ஏறினால் விழுவது நிச்சயம்.

எனக்கு வேறு வழி தெரியும். ஊன்றுகோலை மேல் படிக்கு வீசினேன். அது கிரானைட்டில் மோதிச் சடசடவென்று உருண்டது. கேலிப்பர் லாக்கை எடுத்துவிட்டுக் கீழ்ப்படியில் வீட்டுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன். இரண்டு கையையும் பின்னால் ஊன்றி, பிட்டத்தைத் தூக்கி அடுத்த படியில் வைத்தேன். அப்புறம் அதற்கடுத்த படி. புதுச் சுடிதார், மெஜந்தா கலர். சேறு, தென்னம்பாளைத் தூசு எல்லாம் அதில் வந்து சேர்ந்தது. நான் பாட்டுக்குக் கெரகமே, கெரகமே என்று முனகிக்கொண்டு ஏறினேன்.

பாதிப் படியில் இருக்கும்போது மேலே ஜன்னல் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது. கரகரவென்று, ரொம்ப நாள் உபயோகிக்காத குரல்.

“ஏனுங் அம்மணி… உங்களுக்கு எதுக்குங்க இத்தன சிரமம்?”

உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்தது. “பேசிட்டாரு! பேசிட்டாரு!” என்று கத்திக்கொண்டு அக்கா வாசலுக்கு ஓடி வந்தார். நான் படியில் உட்கார்ந்தபடியே கழுத்தைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தேன்; அவர் கட்டில் அதை ஒட்டித்தான் கிடந்தது. எந்த வார்த்தையைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருமோ, அதைச் சொல்லித்தானா இந்த மனுசன் வாயைத் திறக்க வேண்டும்?

“சிரமந்தானுங்க” என்றேன் கத்தலாக. “படி கட்டுனது யாருங்க?”

அவர் ஜன்னலை விட்டு நகரவில்லை. மீதிப் படி முழுக்க அவர் பார்த்துக்கொண்டிருக்கத்தான் ஏறினேன்.

உள்ளே போய் அவர் கட்டிலுக்கு எதிரே சேரைப் போட்டு உட்கார்ந்தேன். நான் பாட்டுப் பாடவில்லை, ஜெபமும் பண்ணவில்லை. எனக்கிருந்த கோபத்துக்கு அதெல்லாம் வாயில் வராது.

“ஊசி போட மாட்டேன்னு படுத்திருக்கீங்களாமா. செத்துப்போலாமுன்னு முடிவுங்களா? சரி, போங்க. பரலோகத்துலயும் ஒரு செகரட்டரி இருந்து, அவரும் எலிவேஷன் பாத்துப் படி கட்டியிருந்தா என்னங்க பண்ணுவீங்க?”

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் என்னை வெறித்துப் பார்த்தார். சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் முகம் கோணிக்கொண்டது. கடைசியில் அழுகைதான் ஜெயித்தது. வேட்டியை இழுத்து மூடிக்கொண்டு, “வெக்கமா இருக்குதுங்க அம்மணி” என்றார். “பாத்ரூம் போறதுக்கு நாலு பேரு தூக்கிட்டுப் போறாங்க. என்ற பவுண்டரியில வேல பாக்கற பசங்க. நான் பேரச் சொல்லி அதட்டுன பசங்க. அதுக்குத்தானுங்க சோறு வேண்டாமுன்னேன். சாப்புட்டாத்தானே போகோணும்.”

பாருங்கள், மூன்று பாட்டும் மைசூர்பாகுமாக வந்தவர்களில் ஒருத்தருக்காவது இதைக் கேட்கத் தோன்றியதா? ஆத்துமாவைப் பற்றிப் பேசினார்கள். மனுசனுக்குப் பிரச்சினை பாத்ரூமில் இருந்திருக்கிறது.

“சொவுத்துல ரெண்டு பக்கமும் பைப் அடிக்கச் சொல்லுங்க. பவுண்டரி வெச்சிருக்கறவருக்கு பைப்புக்கா பஞ்சம்? டாய்லட்டு உசரத்துக்கு ஒரு நாற்காலி பண்ணச் சொல்லுங்க. கைல பலமிருக்குதில்லீங்க? கட்டில்ல இருந்து அதுக்கு நகர்றது எப்பிடின்னு நான் காட்டறேன். மொதல்ல விழுவீங்க. நானும் விழுந்திருக்கேன். விழுந்தா எந்திரிக்கறது எப்பிடின்னும் காட்டறேன்.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, “இப்ப ஊசி போடுங்க, எனக்கு நேரமாச்சு” என்றேன்.

அவர் சட்டையை மேலே தூக்கினார். அக்கா ஊசி போட்டார். அதற்குப் பிறகு நான்கைந்து சனிக்கிழமை வேலை முடிந்து அங்கே போனேன். பைப் வந்தது, நாற்காலி வந்தது. ஒருமுறை விழுந்து என்னையும் சேர்த்துத் திட்டினார், நானும் விடவில்லை. என் வாழ்க்கையில் அத்தனை நிறைவாக நான் எந்த ஊழியமும் செய்ததில்லை. அவர் தானாக வீல்சேரில் ஏறி உட்கார்ந்த சனிக்கிழமை, சபையின் வாட்ஸ்அப் குழுவில் ஆயர் ஒரு செய்தி போட்டார். நம் சந்திப்பு ஊழியக் குழுவின் ஜெபத்தைக் கர்த்தர் கேட்டு ஐயாவுக்குப் பெலன் தந்தார் என்று. கீழே வரிசையாகக் கைகூப்பிய பொம்மைகள். நானும் ஒன்று போட்டேன், வேறென்ன பண்ண?

அந்த வருஷ மாற்றுத்திறனாளிகள் ஞாயிறு வந்தது. எங்கள் வரிசையில் புதிதாக ஒரு வீல்சேர். செகரட்டரி ஐயா, இல்லை, முன்னாள் செகரட்டரி ஐயா. அவருக்கு ரெஸ்ட் வேண்டும் என்று அவரைக் கேட்காமலேயே கமிட்டி வேறு ஆளைப் போட்டிருந்தது. சால்வை போர்த்தினார்கள். பிறகு அவர் மடியில் ஒரு போர்வையை வைத்தார்கள். அவர் அதைப் புரட்டிப் பார்த்தார். போன வருஷம் அவரே ஈரோட்டில் எடுத்த லாட்டில் மிச்சமானது. அதே நீலப் பூ.

“வாசப்படியில இருந்து இங்க வாரதுக்குள்ள,” என்று என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார், “என்ற கன்னத்த எத்தன பேரு தட்டிக் குடுத்தாங்க தெரியுங்களா அம்மணி? கொழந்தையத் தட்டற மாதிரி.”

“பழகிக்கங்க” என்றேன்.

மேடையில் ஆயர் மைக்கைப் பிடித்தார். இன்றைக்கு நம் ஐயா, கர்த்தர் தனக்குச் செய்ததைச் சொல்லிச் சாட்சி கொடுக்கப் போகிறார் என்று அறிவித்தார். சொன்ன பிறகுதான் படியைப் பார்த்தார். படியைப் பார்த்தார், வீல்சேரைப் பார்த்தார், மறுபடி படியைப் பார்த்தார். அப்புறம் அவர் முகம் பதவிசாக ஒரு பக்கம் சாய்ந்தது.

“ஐயா அங்கயே சவுரியமா உக்காந்துக்கட்டுங்க. அவருக்கு எதுக்குங்க சிரமம்? அவரு நம்மள ஜெபத்துல தாங்குவாரு. ஐயா சார்பா சந்திப்புக் குழுத் தலைவர் வந்து சாட்சி சொல்லுவாரு.”

பக்கத்தில் அவரைத் திரும்பிப் பார்த்தேன். வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். சொல்வதற்கு எத்தனையோ வைத்துக்கொண்டு வந்தவர், காலையில் அக்காவிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு வந்தவர். அந்தத் திறந்த வாயை எனக்குத் தெரியும். ஹெல்மெட்டுக்குள் நான் அழுதது அதற்காகத்தான். நான் சிரிக்க வேண்டிய நேரம் அது. சிரிப்பு வரவில்லை, அடிவயிற்றிலிருந்து ஆத்திரம்தான் வந்தது.

லாக்கைப் போட்டேன். அந்த அமைதியில் அது டக்கென்று கேட்டது. எழுந்து நின்றேன்.

“ஏனுங்கய்யா!” என்றேன். பேரிங் சப்ளையரிடம் பேசுகிற குரல். கடைசி வரிசை வரைக்கும் தலை திரும்பியது. “அவருக்குக் கால்தானுங்க போச்சு, வாய் இருக்குதில்லீங்க? உங்க கையில இருக்கறது ஒயரில்லாத மைக்குத்தானுங்களே. அவரால மேல வர முடியாட்டி, அதால கீழ வர முடியாதுங்களா?”

ஆயர் கையிலிருந்த மைக்கை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்ப்பவர் மாதிரி பார்த்தார். பாட்டுக் குழுவிலிருந்து ஒரு பெண் சட்டென்று எழுந்து அதை வாங்கிக்கொண்டு படியிறங்கி ஓடி வந்தாள். அவ்வளவுதான் வேலை. இத்தனை வருஷமாக எங்களில் ஒருத்தரும் இந்த ஆலயத்தில் ஒரு வார்த்தை பேசாமல் போனதற்குக் காரணம், யாரும் இறங்கி வராத அந்த நாலடி தூரம்.

அவர் மைக்கை வாங்கினார். அவர் சுகம் பெற்ற கதையைக் கேட்க எல்லோரும் கையைக் கட்டி உட்கார்ந்தார்கள். அவர் மேடையைப் பார்த்தார்.

“இந்தப் படியக் கட்டச் சொன்னது நாந்தானுங்க” என்றார்.

அதற்கு மேல் அவருக்குப் பேச வரவில்லை. அவர் மைக்கை என் பக்கம் நீட்டி, “நீங்க சொல்லுங்க அம்மணி” என்றார். “புத்தி சொல்லுங்க.”

ஆயர் பதறிப்போய் மேடை விளிம்புக்கு வந்து, இறங்குவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். நான் ஊன்றுகோலைக் கக்கத்தில் சரிபண்ணிக்கொண்டு மைக்கை வாங்கினேன்.

“ஏனுங்கய்யா, நீங்க எதுக்குங்க நின்னுட்டுச் சிரமப்படறீங்க?” என்றேன். “சவுரியமா உக்காந்துக்கங்க. எனக்குக் கொஞ்ச நேரமாகுமுங்க.”